பயிற்சியில் கற்றதைச் சிறு விவசாயிகள் வயலில் செய்து பார்க்க எது உதவுகிறது?

களப்பயிற்சியாளர் கேட்கிறார்:

வணக்கம். சிறு, குறு விவசாயிகளுக்குச் சாகுபடிப் பயிற்சி அளிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்தைச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவர்கள். விதைப்பதற்கு முன் விதையைப் பக்குவப்படுத்தும் விதை நேர்த்தி, மண் பரிசோதனை முடிவைப் பார்த்து உரமிடுவது, பூச்சியின் நடமாட்டத்தைக் கணக்கெடுத்த பிறகே மருந்தடிப்பது, மட்கு உரம் தயாரிப்பது ஆகியவற்றை இரண்டு நாள் முகாமில் கற்றுக்கொடுக்கிறோம். வருகிறவர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள், குறுக்குக் கேள்விகளும் கேட்கிறார்கள், முகாமின் முடிவில் வைக்கும் சிறிய தேர்வில் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். ஆனால் பருவத்தின் நடுவில் அவர்களுடைய வயல்களுக்குப் போய்ப் பார்த்தால், கற்றவற்றில் ஒன்றையாவது செய்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் நிறுவனத்துக்குள் இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. விவசாயிகளுக்கு ஆர்வம் இல்லை என்பது ஒன்று. இரண்டு நாள் போதவில்லை, நான்கு நாளாக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்வம் இல்லாதவர் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார மாட்டார். நான்கு நாள் நடத்தினால் தேர்வில் இன்னும் கொஞ்சம் மதிப்பெண் கூடுமே தவிர, வயலில் என்ன மாறும் என்று தெரியவில்லை.

பயிற்சி கொடுத்தவர்கள், பெற்றவர்கள், இதை ஆராய்ந்தவர்கள் என அனைவரிடமிருந்தும் பதிலை எதிர்பார்க்கிறேன். பாடத்தை மாற்ற வேண்டுமா, நடத்தும் காலத்தை மாற்ற வேண்டுமா, பிறகு போய்ப் பார்ப்பது உதவுமா, இடுபொருளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும் என்பது போன்ற பொதுவான பதில்களைத் தவிர்த்து, எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர்:

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதை நேர்த்தியை நீங்கள் சொல்லிக்கொடுத்த நாளுக்கும் அவர்கள் விதைத்த நாளுக்கும் இடையில் எத்தனை வாரங்கள் இருந்தன? பெரும்பாலான முகாம்கள் மண்டபம் கிடைக்கிற நாளையும் நிதி வந்து சேருகிற நாளையும் பார்த்துத்தான் குறிக்கப்படுகின்றன. பயிரின் நாளைப் பார்த்துக் குறிக்கப்படுவதில்லை. முகாம் முடிந்த மாலையில் வைக்கும் தேர்வு அன்றைய நினைவைத்தான் அளக்கும். விதைக்கிற அன்று அதிகாலையில் விதை மூட்டையை அவிழ்க்கும்போது நினைவுக்கு வருகிறதா என்பது வேறு விஷயம்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் இரண்டு நாட்களை அரை நாள் அரை நாளாகப் பிரித்துப் பயிரின் வளர்ச்சியோடு சேர்த்து வைப்பது. இது புதிய யோசனை அல்ல. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் என்ற பூச்சி தொடர்ந்து அழித்தபோது, அடித்த மருந்தே அதைத் தின்னும் சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று சேதத்தைப் பெருக்கியது என்பது தெரியவந்தது. 1986-இல் அந்நாட்டு அதிபரின் ஆணையால் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. 1989-இல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கப்பட்டன. ஏறத்தாழ 25 பேர் கொண்ட குழு, பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை காலையில் வயலில் கூடும். சில குத்துகளைத் தேர்ந்தெடுத்துத் தூர்களையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணும். எண்ணியதைப் பெரிய தாளில் படமாக வரைந்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று அவர்களே விவாதித்து முடிவெடுப்பார்கள். பயிற்சியாளர் விடை சொல்வதில்லை.

அந்தப் பள்ளிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பூச்சிக்கூடு. ஒரு நெற்குத்தைச் சுற்றி வலை கட்டி, அதற்குள் புகையான்களையும் ஓர் ஓநாய்ச் சிலந்தியையும் விட்டுவிடுவார்கள். அடுத்த முறை வந்து திறந்து எண்ணிப் பார்ப்பார்கள். சிலந்தி நன்மை செய்யும் என்று பலகையில் எழுதிப்போட்டால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். கூட்டைத் திறந்து எண்ணியவர் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் தன் வயலில் இறங்கிச் சிலந்தி இருக்கிறதா என்று பார்ப்பார்.

இரண்டாவது, கண்ணில் படுவதும் கவனத்தில் நிற்பதும் ஒன்றல்ல. இந்தோனேசியாவில் கடல்பாசி வளர்ப்பவர்களிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. அவர்கள் பாசித் துண்டுகளைச் சிறு கட்டுகளாகக் கயிற்றில் கட்டிக் கடலில் வளர்ப்பவர்கள். கட்டுக்கும் கட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்று கேட்டால் உடனே சொன்னார்கள். ஒரு கட்டின் அளவு எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டின் அளவு விளைச்சலைப் பாதிக்கும் காரணிகளுள் ஒன்று. ஆராய்ச்சியாளர்கள் அவர்களுடைய சொந்தப் பாசித் தோட்டத்திலேயே பல அளவுகளில் கட்டி வளர்த்துச் சோதனை நடத்தினார்கள். அந்தச் சோதனை தங்கள் கண்முன் நடந்தும் அவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எந்த அளவுக்கு என்ன விளைந்தது என்பதைத் தொகுத்து ஒரு தாளில் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள். செயல்விளக்கத் திடல் போட்டுவிட்டால் போதும், பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று நம்புகிற நம் துறையினர் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

மூன்றாவது சிறிய விஷயம்தான். ஒவ்வொரு அமர்வின் கடைசி அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு, வந்திருக்கும் ஒவ்வொருவரும் எந்த ஒன்றை, எந்தப் பாத்தியில், எந்த நாளில் செய்யப்போகிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும். அதை உறுதிமொழிப் படிவமாக்கி அலுவலகத்துக்கு வாங்கிவிடாதீர்கள். படிவம் வந்துவிட்டால் அவர் உங்களுக்காகச் செய்வதாக ஆகிவிடும்.


இரண்டு ஏக்கர்:

அலுவலர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பயிற்சியில் உட்கார்ந்திருப்பவனின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கொடுக்கும் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு விவசாயி போலப் படித்துப் பாருங்கள். எக்டேருக்கு இத்தனை மில்லிலிட்டர் மருந்தை 500 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கவும் என்று அதில் இருக்கும். என் நிலம் ஏக்கர் கணக்கில் இருக்கிறது. அதிலும் மருந்து தேவைப்படுவது ஒரு மூலைக்குத்தான். என் தெளிப்பானின் டேங்க் 16 லிட்டர், பக்கத்து வயல்காரருடையது 10 லிட்டர். வகுத்தும் பெருக்கியும் பார்க்க வயலில் யாருக்கும் பொறுமை இருக்காது. கடைசியில் மூடியால் ஊற்றுவோம். அந்த மூடி எத்தனை மில்லி என்பது யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகப் போனால் நல்லதுதானே என்று இன்னொரு மூடியும் ஊற்றுவோம். இதையே, லிட்டருக்கு 2 மில்லி, ஆகவே 10 லிட்டர் டேங்குக்கு 20, 16 லிட்டர் டேங்குக்கு 32 என்று எழுதி, கோடு போட்ட ஓர் அளவுக் குவளையையும் கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

விதை நேர்த்தியும் அப்படித்தான். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ், அதாவது பயிர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி, என்கிறீர்கள். 10 கிராமை நிறுக்கும் தராசு எந்த விவசாயி வீட்டில் இருக்கிறது? பயிற்சியிலேயே வீட்டுக் கரண்டி ஒன்றில் அதை அள்ளி நிறுத்துக் காட்டி, இந்தக் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் இவ்வளவு என்று சொல்லியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, உப்புக் கரைசலில் விதை நெல்லைத் தேர்ந்தெடுப்பதைப் பாருங்கள். தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே ஒரு நாணயத்தின் அளவுக்குத் தெரியும் வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு விதையைக் கொட்டி, மிதக்கும் பொக்கு நெல்லை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் அலசி விதைக்க வேண்டும். இதற்குக் கையேடும் வேண்டாம், தராசும் வேண்டாம். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. பயிற்சிக்கே வராதவரும் பார்த்துச் செய்கிறார். அளவு அந்தச் செய்முறைக்குள்ளேயே இருப்பதுதான் காரணம்.

அடுத்தது, நடுவில் என்ன நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் போன வேறொரு பயிற்சியில், திருந்திய நெல் சாகுபடி என்ற முறைப்படி இளம் நாற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடச் சொன்னார்கள். கடைசியில் எத்தனை தூர் வெடிக்கும் என்ற படத்தையும் காட்டினார்கள். ஆனால் நட்ட முதல் சில வாரங்களுக்கு அந்த வயல் எப்படி இருக்கும் தெரியுமா? வெறும் சேற்றில் அங்கங்கே புல் முளைத்தது போல இருக்கும். வரப்பில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, என்ன ஆயிற்று, நாற்று பற்றவில்லையா என்று விசாரிப்பார்கள். வீட்டிலும் அதே பேச்சாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் பயந்து, இடையில் நாற்றைச் சொருகிவிடுகிறார்கள். பத்தாம் நாளில் இப்படித் தெரியும், இருபதாம் நாளில் இப்படித் தெரியும், பயப்பட வேண்டாம் என்று அந்த வெறுமையான வயலின் படத்தையே பயிற்சியில் காட்டியிருந்தால் கை அவ்வளவு சீக்கிரம் நாற்றுக்குப் போயிருக்காது. நீங்கள் ஒரே ஒரு முறைதான் வயலுக்கு வர முடியும் என்றால் அறுவடைக்கு வராதீர்கள், அந்த வாரத்தில் வாருங்கள்.

குத்தகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓராண்டுக் குத்தகையில் இருப்பவரிடம் மட்கு உரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது வீண். மண் வளமாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் நிலம் யார் கையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அந்தப் பருவத்திலேயே பலன் தருகிற ஒன்றைச் சொல்லுங்கள். அவருக்கு ஆர்வம் இல்லை என்று குறித்துக்கொள்வது எளிது; அவர் கணக்குப் போட்டுத்தான் மறுக்கிறார்.


வேளாண் பொருளியல் ஆய்வு மாணவி:

இரண்டு ஏக்கர் ஐயா சொன்ன திருந்திய நெல் சாகுபடியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த முறை 1980-களில் மடகாஸ்கரில் ஹென்றி டி லோலானியே என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கியது. அது பிறந்த நாட்டிலேயே, முயன்று பார்த்தவர்களில் கணிசமானோர் பிறகு கைவிட்டுவிட்டதாக மோசர், பாரெட் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு முறை தெரியாமல் இல்லை. விளைச்சல் கூடுவதையும் பார்த்தவர்கள். ஆனால் அந்த முறைக்குக் கூடுதலாக ஆள் தேவைப்படும் வாரங்களும், வீட்டில் தானியமும் பணமும் தீர்ந்துபோய் அவர்களே வெளியில் கூலிக்குப் போயாக வேண்டிய வாரங்களும் ஒன்றாக வந்தன. அன்றைய கூலியை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர், சில மாதங்களுக்குப் பிறகு வரப்போகும் கூடுதல் விளைச்சலுக்காகத் தன் வயலில் இறங்கிக் களை எடுக்க முடியாது. ஆகவே நீங்கள் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் எதிரில், அது எந்த வாரத்தில் யாருடைய எத்தனை நாள் உழைப்பைக் கேட்கிறது, அந்த வாரத்தில் அந்த வீட்டில் பணம் இருக்குமா என்று எழுதிப் பார்ப்பது பயனுள்ளது. உழைப்பு நெருக்கடியான வாரத்தில் விழுகிற முறையை எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அது நிற்காது.

பணத்தின் காலத்தைப் பற்றி கென்யாவில் செய்யப்பட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனாத்தன் ராபின்சன் ஆகியோர் 2011-இல் வெளியிட்டது. உரம் இட்டால் லாபம் என்பது மேற்குக் கென்யாவின் மக்காச்சோள விவசாயிகள் பலருக்குத் தெரியும். அடுத்த பருவத்தில் இடுவோம் என்றும் சொல்வார்கள். உரமிடும் நேரம் வரும்போது கையில் காசு இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் அறுவடை முடிந்து பணம் புழங்கும் நாட்களிலேயே போய், இப்போதே பணம் கட்டிவிட்டால் உரத்தை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம், இந்தச் சலுகை சில நாட்களுக்குத்தான் என்றார்கள். உரப் பயன்பாடு கணிசமாக உயர்ந்தது. பருவத்தின் பிற்பகுதியில் அதைவிடப் பெரிய மானியம் கொடுத்தால் எவ்வளவு உயருமோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு அறுவடைக் காலத்துச் சிறு சலுகை பலன் கொடுத்தது. இடுபொருளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலவசமாகக் கொடுப்பதற்கு முன், சரியான வாரத்தில் வாங்க வழி செய்ய முடியுமா என்று பாருங்கள்.

அலுவலர் ஐயாவிடம் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். வயல்வெளிப் பள்ளியில் நேரடியாகப் படித்தவர்களுக்குப் பலன் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவர்களிடமிருந்து பக்கத்து வயல்காரர்களுக்கு அந்த அறிவு எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை என்பதைக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. இந்தோனேசியாவைப் பற்றி ஃபெடரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004-இல் எழுதியவை அத்தகையவை. பூச்சிக்கூட்டைத் திறந்து எண்ணிய அனுபவத்தை வரப்பில் நின்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. 25 பேருக்கு ஒரு பருவம் முழுவதும் ஒரு பயிற்சியாளர் என்றால் செலவும் அதிகம். ஒருவர் கற்றால் ஊரே கற்கும் என்று கணக்குப் போட்டுப் பள்ளி நடத்தினால் அந்தக் கணக்கு தவறும்.

பரவ வேண்டும் என்றால் பாடம் சிறியதாக, கையில் பிடித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நெல்லுக்கான இலை வண்ண அட்டை அப்படிப்பட்டது. நட்ட இரண்டு வாரங்கள் கழித்துத் தொடங்கி, வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலை வேளையில், அட்டையின் மீது வெயில் விழாதபடி உடம்பின் நிழலில் பிடித்துக்கொண்டு, முழுவதும் விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையின் பச்சை நிறங்களோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளைப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவை குறிப்பிட்ட நிறத்தைவிட வெளிறியிருந்தால் யூரியா இடலாம். இல்லையென்றால் அடுத்த முறை வரை பொறுத்திருக்கலாம். வங்கதேசத்தில் இந்த அட்டையையும் எளிய பயிற்சியையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் யூரியாவின் அளவு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. தழைச்சத்தின் வேதியியலை இரண்டு மணி நேரம் நடத்துவதைவிட இதற்குச் செலவும் நேரமும் குறைவு.


களப்பயிற்சியாளர்:

மூவருக்கும் நன்றி. எங்கள் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஏக்கர் ஐயா சொன்னபடியே எல்லா அளவும் எக்டேர் கணக்கில்தான் இருக்கின்றன. அதை மாற்றுவது எங்கள் கையில் இருக்கிற வேலை, உடனே செய்துவிடலாம்.

அரை நாள் அமர்வுகளாகப் பிரிப்பதில்தான் சிக்கல். நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஒரே குழுவை ஆறு முறை கூட்டினால் தலை எண்ணிக்கை குறைந்துவிடும். இதற்காக முன்னோடி விவசாயிகள் சிலரை நன்றாகப் பயிற்றுவித்து, அவர்கள் மூலம் மற்றவர்களுக்குக் கொண்டுசெல்லலாமா என்று யோசிக்கிறோம். மாணவி சொன்னதைப் பார்த்தால் அதுவும் நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை. மற்றொன்று, எங்கள் முகாம்களுக்குப் பெண்கள் வருவது மிகக் குறைவு. இது நான் கேட்ட கேள்வியோடு தொடர்புடையதா என்று தெரியவில்லை.


மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர்:

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். தொடர்பு இருக்கிறது, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் கிடக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

நீங்கள் குறிப்பிட்ட நான்கு வேலைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். விதையை ஊறவைப்பது, கலப்பது, நிழலில் உலர்த்துவது பல வீடுகளில் பெண்களின் வேலை. மட்கு உரக்குழிக்குச் சாணத்தையும் குப்பையையும் அன்றாடம் கொண்டுபோய்க் கொட்டுவதும் அவர்களே. களை எடுக்கும்போதும் நாற்று நடும்போதும் இலையின் அடியில் முட்டைக்குவியல் இருப்பதை முதலில் பார்க்கிற கண்களும் அவர்களுடையவை. இந்த வேலைகளுக்கான பயிற்சியில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர், நிலத்தின் பட்டாவில் பெயர் உள்ள ஆண். அவர் வீட்டுக்குப் போய், இப்படிச் செய்ய வேண்டுமாம் என்று ஒரு வரியில் சொல்வார். கரண்டி அளவு, நேரம், ஏன் நிழலில் உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் வருவதில்லை. கற்றவர் ஒருவர், செய்கிறவர் மற்றொருவர் என்றால், கற்றது நடைமுறைக்கு வரவில்லை என்று வியப்பதற்கு எதுவும் இல்லை.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். அழைப்பில் விவசாயி என்று எழுதாமல், இந்த வேலையை உங்கள் வீட்டில் யார் செய்கிறாரோ அவர் வரவும் என்று எழுதினோம். முகாமை முழுநாளிலிருந்து முற்பகல் மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மண்டபத்திலிருந்து அவர்கள் தெருவுக்கே கொண்டுவந்தோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரத் தடையில்லை என்றோம். உரமிடுவது, மருந்தடிப்பது போன்ற, செலவைப் பற்றி இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய பாடங்களுக்குக் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். ஒருவர் மட்டும் கேட்டுவிட்டுப் போய் மற்றவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய சண்டை அதனால் மிச்சமானது.

இன்னொரு தடையும் இருக்கிறது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்றவை உயிருள்ள பொருட்கள். தயாரித்த சில மாதங்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும், வெயிலில் வைத்தால் வீணாகிவிடும். அதனால் பல கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை; வைத்திருப்பதிலும் தேதி முடிந்தது இருக்கும். நீங்கள் கற்றுக்கொடுத்த ஒன்றை வாங்கப் போய் இல்லை என்று திரும்பியவர் இரண்டாம் முறை போக மாட்டார். எங்கள் குழு விதைப்புக்கு முன் தேவையை எழுதி வாங்கி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையில் வரவழைத்து, உறையின் மீதுள்ள தேதியைப் பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கிறது. களைக்கருவியும் அப்படித்தான், குழுவுக்குப் பொதுவாக வாங்கி, நடவு நாளின் வரிசைப்படி கைமாறுகிறது. பயிற்சிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை இதற்குத் திருப்பினாலே போதும்.

கைப்பேசியையும் குறிப்பிட வேண்டும். எழுத்துச் செய்தியைவிடக் குரல் செய்தி நல்லது. அதுவும், நாளை விதை ஊறவைக்கிறவர்கள் இன்று மாலையே பொடியை எடுத்து வையுங்கள் என்பது போல, அந்த நாளின் ஒரே ஒரு வேலையைப் பற்றி, அவர்களுக்குத் தெரிந்த குரலில் இருக்க வேண்டும். நீளமாகப் பேசி அனுப்பியவற்றை யாரும் முழுதாகக் கேட்பதில்லை.


வேளாண் பொருளியல் ஆய்வு மாணவி:

முன்னோடி விவசாயிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்பத்தகாதது என்று சொல்ல வரவில்லை. யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. மலாவியில் குழி நடவையும் மட்கு உரத்தையும் பரப்ப முயன்ற ஓர் ஆய்வை பென்யிஷாய், மோபாரக் இருவரும் 2019-இல் வெளியிட்டார்கள். ஊரில் பெயர்பெற்ற பெரிய விவசாயி சொன்னதைவிட, தங்களைப் போன்றே நிலமும் வசதியும் உடையவர் சொன்னதை மற்றவர்கள் அதிகம் நம்பினார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குச் சிறிய ஊக்கத்தொகை எதுவும் இல்லாதபோது, அவர்களே அந்த முறையைக் கற்கவும் செய்து பார்க்கவும் பெரிதாக முனையவில்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவரின் வயலில் திடல் போட்டால் பார்க்க வருகிறவர்கள், அவருக்கு முடியும், நமக்கு எங்கே என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான்.


ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர்:

பரவுவதைப் பற்றி மாணவி முதலில் சொன்னதை ஏற்கிறேன். ஊக்கத்தொகையைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பணம் வாங்குகிறார் என்பது தெரிந்தவுடன், அவர் சொல்வதைக் கேட்டவர்கள் காதைத் திருப்பிக்கொள்வதும் நடக்கிறது. பணத்துக்குப் பதிலாக, அவருக்கு அந்தப் பருவத்தில் நட்டம் வந்தால் ஈடு செய்கிறோம் என்று சொல்வது மேல் என்பது என் கருத்து. அவர் துணிந்து செய்யவும் அது உதவும், மற்றவர்கள் கண்ணிலும் உறுத்தாது.

தலை எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நிதி கொடுப்பவரிடம் வேறு எண்ணைக் காட்டுங்கள். செய்தீர்களா என்று கேட்டால் செய்தேன் என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே இல்லை என்று யார் சொல்வார்? எத்தனை பாத்தியில் செய்தீர்கள், அடுத்த பருவத்தில் அது கூடியதா, குறைந்ததா என்று கேளுங்கள். புதிய ஒன்றைச் சிறு விவசாயி எடுத்த எடுப்பில் நிலம் முழுவதும் செய்ய மாட்டார். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோள விதை பரவியதைப் பற்றி ரயானும் கிராஸும் 1943-இல் வெளியிட்ட ஆய்விலேயே, விதையின் சிறப்பை அறிந்தவர்கள்கூட முதலில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் விதைத்து, ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போனார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அவர்கள் உங்கள் விவசாயிகளைவிடப் பல மடங்கு நிலம் உடையவர்கள். ஆகவே ஒரு பாத்தியில் செய்தவரைத் தோல்வியின் கணக்கில் எழுதாதீர்கள். பயிற்சியின்போதே, ஒரு பாத்தி போதும், பக்கத்துப் பாத்தியைப் பழையபடியே விட்டுவையுங்கள், இரண்டையும் தனித்தனியாக அறுத்து அளந்து பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். அளக்கிற நாளில் நீங்கள் அங்கே இருந்தால், கடல்பாசிக்காரர்களுக்குக் கொடுத்தது போன்ற தாளை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.


இரண்டு ஏக்கர்:

ஒரு பாத்தி என்பது சரி. ஆனால் அந்தப் பாத்தி எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லாதவர் தண்ணீர் ஏறாத மேட்டுப் பாத்தியையோ, மரநிழல் விழுகிற ஓரத்தையோதான் இதற்கு ஒதுக்குவார். அங்கே எந்த முறையில் செய்தாலும் விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும், பழி மட்டும் புதிய முறைமீது விழும். அடுத்தடுத்த பாத்திகள் இரண்டும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்வனவாக, ஒரே மண்ணாக இருக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே பேசி, கூடப்போய்ப் பார்த்துக் குச்சி நட்டுவிட்டு வாருங்கள். நட்டமானால் ஈடு என்று ஐயா சொன்னதையும் அந்த நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு அதைப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்.


களப்பயிற்சியாளர்:

அப்படியே செய்கிறோம். அடுத்த விதைப்புக்கு ஒரு குழுவில் மட்டும் இதைத் தொடங்குகிறோம்: விதை நேர்த்தி ஒன்றே பாடம், வேலை செய்கிறவருக்கே அழைப்பு, கரண்டி அளவு, குழு மூலம் பொடி, குச்சி நட்ட இரண்டு பாத்திகள். எக்டேர்க் கணக்கை நீக்கிய கையேடு தயாரானதும், டேங்க் அளவுப் பட்டியலை இங்கே பகிர்கிறேன். இரண்டு ஏக்கர் ஐயா ஒருமுறை சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.